டிசம்பர் கடைசியில் ஐந்து நாள் சர்ஃபிங்: மாமல்லபுரமா, வர்க்கலாவா?

நீலக்கரை:
சென்னையிலிருந்து நானும் நண்பனும் கிளம்புகிறோம். டிசம்பர் 26 முதல் 30 வரை விடுப்பு. எனக்கு உடையாத அலையில் குறுக்கே சறுக்க வரும். அவன் வெள்ளை நுரையில் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறான். என்னிடம் 6 அடி 2 அங்குல ஈபிஎஸ் (தெர்மோகோல் வகை ஃபோம்) போர்டு இருக்கிறது, அவனுக்கு வாடகைதான். அவன் வர்க்கலா என்கிறான். எனக்கு மாமல்லபுரம்தான் மனசில்: பக்கத்திலேயே இருக்கிறது, அலையும் பெரிது. எது சரி?

வாடை:
கிழக்கை விட்டுப் போகாதீர்கள். வடகிழக்குப் பருவக்காற்று நாள்கணக்கில் ஒரே திசையில் அடிப்பதால் வங்கக்கடல் ஓயாமல் அலை கிளப்பும் காலம் இது. இடுப்பளவிலிருந்து தலையளவு வரை கிடைக்கும். கேரளக் கரை அப்போது பெரும்பாலும் முட்டளவுக்கு அடங்கிக் கிடக்கும். இராத்திரி முழுக்க ரயிலில் போய்த் தட்டையான கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கா ஐந்து நாள் விடுப்பு?

மேற்குக்கரை:
உயரத்தை மட்டும் பார்த்தால் வாடை சொல்வது சரி. பீரியடையும், அதாவது அடுத்தடுத்த இரண்டு அலைக்கு இடையே எத்தனை விநாடி என்பதையும், சேர்த்துப் பாருங்கள். டிசம்பர் வங்கக்கடலில் 1.5 மீட்டர், 7 விநாடி என்று முன்னறிவிப்பு காட்டினால் அது பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. அதே நாளில் கேரளாவில் 0.8 மீட்டர், 14 விநாடி என்று இருந்தால் அது தெற்குப் பெருங்கடலிலிருந்து வந்து சேர்ந்த ஸ்வெல், தொலைதூரக் காற்று கிளப்பிய அலை. நுரையைத் தாண்டி வெளியே போக நண்பருக்கு ஒரு நிமிடம் ஆகும் என்று வையுங்கள். கிழக்கில் எட்டு, ஒன்பது அலை முகத்தில் அறையும். மேற்கில் நான்கு. பழகுபவரின் 8 அடி சாஃப்ட்-டாப் (மேற்பரப்பு மெத்தென்ற போர்டு) தண்ணீருக்குள் அமுங்காது, அதனால் அலைக்கு அடியில் முங்கித் தப்பவும் வழியில்லை. பத்தே நிமிடத்தில் தோள் விட்டுப்போகும்.

அடுத்தது காற்று. கிழக்கில் வாடையும் (வடகாற்று) கொண்டலும் (கீழ்க்காற்று) கடலிலிருந்து கரைக்கு அடித்து அலையின் முகத்தைக் கலைத்துவிடும். மேற்கில் காலை நிலக்காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். பத்து, பதினொரு மணிவரை அலை வழவழவென்று வரும்.

இன்னொன்று. மாமல்லபுரமும் அதற்கு வடக்கே உள்ள கோவளமும் (கேரளத்துக் கோவளம் அல்ல) பெயர் வாங்கியது நிலமுனையை ஒட்டி வலப்பக்கம் உடையும் பாயிண்ட் அலைக்கு. கடலிலிருந்து அந்தக் கரையைப் பார்த்தால் வலது என்பது வடக்கு. தெற்கிலிருந்து வரும் ஸ்வெல் முனையைச் சுற்றி வளைந்து வடக்கே உருண்டால்தான் அந்த அலை. அதற்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் பருவம். 2025 ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்ததும் ஆகஸ்டில்தான்.

வாடை:
பாயிண்ட் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குளிர்காலத்தில் யாரும் பாயிண்டை நம்பி அங்கே போவதில்லை. வடகிழக்கு அலை மணல் திட்டில் இடப்பக்கமாக, தெற்கு நோக்கி உடையும். நீலக்கரைக்கு அது போதும். நண்பருக்கும் இடம் உண்டு: கடற்கரைக் கோயில் முனைக்குத் தெற்கே ஒதுங்கினால் முனையே வாடையை மறிக்கும், அலை பாதியாகும். கோயிலை ஒட்டி மட்டும் இறங்க வேண்டாம், நீருக்குள் பாறை இருக்கிறது.

காற்றுக்கும் நேரம் உண்டு. விடிந்ததிலிருந்து ஏழரை வரை நிலக்காற்று வாடையைத் தணிக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிடித்தால் அன்றைக்கு அது போதும்.

வலிமைக் கணக்கையும் போடுங்கள். அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பீரியடால் பெருக்கினால் வரும் அளவுக்கு ஏற்ப மாறும். உங்கள் எண்களிலேயே கிழக்கு 15.75, மேற்கு 8.96. அந்த மேற்கத்திய அலையில் 6 அடி 2 அங்குல போர்டு வேகமே பிடிக்காது.

மேற்குக்கரை:
பெருக்கல் சரிதான். ஆனால் அந்த ஆற்றல் ஏழு விநாடிக்கு ஒன்றாக, கோணல்மாணலாகச் சிதறி வருகிறது. எந்த அலைக்குத் துழாவுவது என்றே பழகுபவருக்குத் தெரியாது. நுரையில் எழுந்து நிற்பவருக்குத் தேவை ஒரே மாதிரி அலை, திரும்பத் திரும்ப.

போர்டு வேகம் பிடிக்காது என்பதும் உண்மை. அதனால்தான் அதை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்கிறேன். வர்க்கலாவில் 9 அடி லாங்போர்டு வாடகைக்கு எடுங்கள், இடுப்புக்குக் கீழே உள்ள அலையிலும் ஓடும். ரயில் சிக்கலும் தீரும். பயணிகள் பெட்டிக்குள் 100 x 60 x 25 சென்டிமீட்டர் வரைதான் சாமான் கொண்டுபோகலாம், மூன்றடுக்கு ஏசியில் அதைவிடச் சிறியதுதான். உங்கள் போர்டு 188 சென்டிமீட்டர். பார்சல் அலுவலகத்தில் பதிந்து பிரேக் வேனில் போட வேண்டும், அங்கே அதன்மேல் என்ன ஏறி உட்காரும் என்று யாருக்கும் தெரியாது.

தூண்டில்வளைவு:
போர்டை எடுத்துத்தான் போவேன் என்றால்: அடியில் உள்ள ஃபின்களை (துடுப்புகளை) கழற்றுங்கள், மேலே பூசிய மெழுகைச் சுரண்டி எடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் உருகி உறை முழுக்க அப்பிக்கொள்ளும். விளிம்பு நெடுகப் பிளம்பர் கடையில் கிடைக்கும் குழாய் உறை ஃபோமைக் கீறி மாட்டுங்கள். மூக்குக்கும் வாலுக்கும் இரட்டைச் சுற்று. அடிபட்டு ஓட்டை விழுந்தால் ஃபைபர் படகுக்குப் போடும் பாலியஸ்டர் ரெசினைத் தொடாதீர்கள். அது ஈபிஎஸ் ஃபோமைக் கரைத்துவிடும், ஓட்டை குழியாகிவிடும். எபாக்சி ரெசின்தான். அதற்கு முன் உள்ளே போன தண்ணீரை ஓட்டை கீழே இருக்கும்படி சாய்த்து வைத்து முழுசாக வடித்துக் காயவிடுங்கள்.

கர்நாடகத்தின் முல்கியை இருவரும் மறந்துவிட்டீர்கள். மங்களூரு மெயிலில் போய் இறங்கி வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். டிசம்பரில் ஷாம்பவி ஆற்று முகத்தில் சின்ன, சுத்தமான அலை. கூட்டம் குறைவு.

மேற்குக்கரை:
முல்கி நல்ல இடம்தான். ஆனால் ஆற்று முகத்தில் கடல் வற்றுகிற நேரத்தில் தண்ணீர் வெளியே இழுக்கும், புதியவரை அங்கே தனியாக விட முடியாது. ஐந்து நாளில் போக ஒரு இரவு, வர ஒரு இரவு என்றால் வர்க்கலா எளிது. திருவனந்தபுரம் மெயிலில் ஏறினால் முற்பகலில் வர்க்கலா சிவகிரியிலேயே இறங்கலாம்.

நீலக்கரை:
மழை பெய்தால் கிழக்கில் தண்ணீர் எப்படி இருக்கும்? கோவளத்தில் தங்கலாமா என்றும் ஒரு யோசனை.

உப்புக்காற்று:
கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம். பருவமழையில் அது திறந்து, உள்ளிருந்து அடித்துவரும் எல்லாம் கடலுக்கு வரும். இந்த மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது, அதனால் அந்தப் பழுப்புத் தண்ணீர் நேராகக் கோவளம் பக்கம்தான் போகும். கனமழை நின்று மூன்று நாளாவது விட்டு இறங்குங்கள். இல்லையென்றால் காது சீழும் கண் எரிச்சலும்தான் மிச்சம். கட்டை, தென்னை மட்டை, அறுந்த வலை எல்லாம் மிதக்கும். லீஷில் (போர்டைக் காலோடு பிணைக்கும் கயிறு) வலை சிக்கினால் இழுத்துப் போராடாமல் கணுக்காலில் உள்ள பட்டையைப் பிய்த்துக் கழற்ற வேண்டும். இதைக் கரையிலேயே நண்பரைக் கண்ணை மூடிக்கொண்டு நாலு முறை செய்யச் சொல்லுங்கள்.

புயலையும் கணக்கில் வையுங்கள். வர்தா 2016 டிசம்பர் 12, மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம். மாதக் கடைசியில் வாய்ப்பு குறையும், இல்லாமல் போகாது. இன்காய்ஸ் (கடல் நிலையை முன்னறிவிக்கும் மத்திய அரசு நிறுவனம்) தரும் கடல் எச்சரிக்கையைக் கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளும் பாருங்கள்.

டிசம்பர் 26 என்று போட்டிருக்கிறீர்கள். அன்று காலை நம் கரை முழுக்க மீனவ ஊர்களில் 2004 சுனாமி நினைவு நாள். கடலில் பாலூற்றிப் பூத்தூவி அழுவார்கள், பல ஊர்களில் தொழிலுக்கே போகமாட்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கரையில் போர்டோடு இறங்குவது சரியில்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளை மதியத்துக்கு மேல் தொடங்குங்கள்.

வாடை:
உப்புக்காற்று சொன்ன கடைசி விஷயம் எனக்கும் முக்கியம், அதை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரைப் பற்றியும் மறுக்கமாட்டேன். ஆனால் தேதியைத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். ஜனவரி கடைசியில் மழை ஓய்ந்திருக்கும், வாடையும் தளரும், விடியற்காலையில் மாமல்லபுரத்து அலை நன்றாகவே இருக்கும். பொங்கல் வாரம் மட்டும் வேண்டாம்.

நீலக்கரை:
விடுப்பை மாற்ற முடியாது. அப்படியானால் வர்க்கலா, போர்டு இல்லாமல். ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிறு நான் மட்டும் மாமல்லபுரம் வருகிறேன். வர்க்கலாவில் எங்கே இறங்குவது?

மேற்குக்கரை:
குன்றுக்குக் கீழே பாபநாசம் கரையில் ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் உண்டு, உயிர்காப்பாளர் சிவப்புக் கொடி போட்டிருந்தால் இறங்கும் பேச்சே இல்லை. கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது மணல் ஒடுங்கி, அலை கரையிலேயே விழுந்து உடையும். அப்போது நண்பரை இறக்காதீர்கள், போர்டின் மூக்கு மணலில் குத்திக் கழுத்தில் அடிபடும். வடக்கே எடவா பக்கம் பயிற்சி கொடுப்பவர்களோடு முதல் இரண்டு நாள் அவரை விடுங்கள். ஆறரைக்கு இறங்கி ஒன்பதுக்கு ஏறுங்கள். தண்ணீர் 28 டிகிரி இருக்கும், குளிர் தாங்கும் வெட்சூட் வேண்டாம். முழுக்கை ராஷ்கார்டு (உடலோடு ஒட்டிய நீச்சல் சட்டை) கட்டாயம், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே நெஞ்சுத் தோல் உரிந்து அவர் படுக்க முடியாமல் தவிப்பார். அறையை இன்றைக்கே பதிந்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் வாரத்தில் வாடகை ஏறிக்கொண்டே போகும்.