இடது சக்கரத்தின் புஷ் மட்டும் சில மாதங்களில் தேய்ந்துவிடுவது ஏன்?

சண்முகநதிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். பழனிக்கு அருகில் எங்கள் ஊரில் தாத்தா காலத்து ஜட்கா வண்டி ஒன்றை இன்னும் ஓட்டி வருகிறேன். 1.2 மீட்டர் விட்டமுள்ள மரச்சக்கரம், இரும்புப் பட்டை, 40 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்பு அச்சு, சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள் அச்சைச் சுற்றி நிற்கும் வார்ப்பிரும்புக் குழாயான புஷ், வெளிப்பக்கம் நட்டும் அது கழலாமல் தடுக்கும் ஊசியாணியும் என்று எல்லாம் பழைய அமைப்புதான். வலது சக்கரத்தின் புஷ் இரண்டு ஆண்டுகளாகக் குறையின்றி இருக்க, இடது புஷ்ஷை மட்டும் இந்த ஆண்டிலேயே இரண்டு முறை மாற்றிவிட்டேன். வாரந்தோறும் கிரீஸ் வைக்கத் தவறுவதில்லை. ஆனாலும் வெளியே வழிகிற கிரீஸ் கறுத்துப்போய், விரலிடையே தேய்த்தால் நறநறவென்கிறது. கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் போட்டால் நிற்கும் என்கிறார் ஒருவர். பேரிங் வைத்த சக்கரத்துக்கு மாறிவிடச் சொல்கிறார் இன்னொருவர். பழைய அமைப்பைக் கெடுக்காமல் தேய்மானத்தைக் குறைக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

பழைய தச்சன்:
தம்பி, நறநறவென்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. நம் சாலைகளில் வண்டி இடது ஓரமாகப் போவதால், எதிரே பேருந்து வரும்போதெல்லாம் இடது சக்கரம்தான் தாரை விட்டு மண்ணில் இறங்கி ஓடுகிறது. சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருப்பதால் பாரமும் அந்தப் பக்கமே சற்றுக் கூடுதலாகச் சாய்கிறது. மண்ணோடு சேர்ந்த கிரீஸ் மசகாக இருப்பதில்லை. அது சாணை பிடிக்கும் பசையாகிவிடுகிறது. அதன் மேலேயே வாரந்தோறும் புதுக் கிரீஸை அப்பினால் பசைதான் பெருகும். சக்கரத்தைக் கழற்றி, அச்சையும் புஷ்ஷையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, வெள்ளைத் துணியில் கறை படாத அளவுக்குச் சுத்தம் செய்த பிறகே புதியதை வையுங்கள். குடத்தின் உள்முகத்துக்கும் அச்சின் தோளுக்கும் (அச்சு தடித்து நிற்கும் இடம்) நடுவில், விளக்கெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்த தோல் வாஷர் ஒன்றைப் போடுங்கள். தூசியைத் தடுக்க அந்தக் காலத்துக் கோச்சு வண்டிகளிலும் தோல்தான் போட்டார்கள்.

விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த பழைய வண்டி மையே போதும் என்று யாராவது சொல்வார்கள். கரி வேறு, சாம்பல் வேறு. வெள்ளையாக எரிந்துபோன வைக்கோல் சாம்பலில் மணலின் பொருளான சிலிக்கா மிகுதியாக இருக்கும். அதைச் சேர்த்தால் நீங்களே மண்ணை அள்ளிப் போட்டது போலாகும்.

லேத்துக்காரன்:
தச்சன் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் புஷ்ஷை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. வண்டியில் அச்சு சுழல்வதில்லை, சக்கரம்தான் சுழல்கிறது. ஆகவே புஷ் சுற்றிலும் ஒரே சீராகத் தேய, அச்சோ பாரத்தைத் தாங்கும் அடிப்பக்கத்தில் மட்டும் தேய்ந்து தட்டையாகிறது. தட்டையான அச்சில் புதுப் புஷ்ஷைப் போட்டால் பாரம் முழுவதும் இரண்டு விளிம்புகளின் மேல் விழும். அது நெடுநாள் நிற்காது. காலிப்பர் கொண்டு மேலிருந்து கீழாக ஒருமுறையும், பக்கவாட்டில் ஒருமுறையும் அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வெல்டிங்கில் ஏற்றி லேத்தில் கடைந்துவிட வேண்டியதுதான். அச்சையே தலைகீழாகத் திருப்பிப் போடலாமே என்று தோன்றும், ஆனால் அச்சின் கைகள் (சக்கரம் மாட்டும் இரு முனைகள்) சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து அடிக்கப்பட்டிருப்பதால் அது சரிவராது.

மசகு வாய்க்கால் வெட்டுவதாக இருந்தால் அச்சின் மேல்பக்கத்தில் வெட்டச் சொல்லுங்கள். பாரம் அழுத்துகிற அடியில் வெட்டினால் அது தாங்கும் பரப்பையும் குறைத்து, கிரீஸையும் பிதுக்கி வெளியேற்றிவிடும். குதிரை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் உங்கள் சக்கரம் நிமிடத்துக்கு 35 சுற்றுதான் சுழலும். அத்தனை மெதுவான சுழற்சியில் எண்ணெய்ப் படலம் உலோகத்தை முழுவதுமாகத் தூக்கிப் பிடிக்காது என்பதால், கிராஃபைட் கலந்த கிரீஸே நல்லது. கன்மெட்டலைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. அது மென்மையான உலோகம். மணல் துகள் அதில் புதைந்து நின்று, புஷ்ஷை விட்டுவிட்டு அச்சை அரைக்கும். தூசியை அடைக்காத வரை வார்ப்பிரும்பே இருக்கட்டும். விலை மலிவான பொருள் தேய்வதுதான் நமக்கு லாபம்.

சண்முகநதிக்கரை:
இருவருக்கும் நன்றி. இன்று காலை கழற்றி அளந்தேன். பக்கவாட்டில் 39.8, மேலிருந்து கீழாக 38.6 மில்லிமீட்டர். அடிப்பக்கத்தில் நகம் சிக்கும் அளவுக்கு இரண்டு கோடுகள் விழுந்திருக்கின்றன. இன்னொன்றும் கண்ணில் பட்டது. சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் அச்சு நுனிகளைச் சரிசெய்தபோது இரண்டு பக்கமும் வலது மரையாகவே (வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும் மரை) வெட்டிவிட்டார்கள். அதிலிருந்து இடது நட்டு அடிக்கடி தளர்வதால், நான் அதை இறுக்கி இறுக்கித்தான் ஊசியாணி போட்டு வந்தேன். இதுவும் ஒரு காரணமாக இருக்குமா?

லேத்துக்காரன்:
கட்டாயம் இருக்கும். வண்டி முன்னே போகும்போது, இடது பக்கம் நின்று பார்த்தால் சக்கரம் இடஞ்சுழியாகச் சுழலும். குடம் உரசும் உராய்வு நட்டையும் அதே திசையில் இழுக்கும். வலது மரை நட்டு கழல்வதும் அதே திசையில்தான். அதனால்தான் பழைய வண்டிகளில் இடது பக்கத்துக்கு இடது மரை வைத்தார்கள். நீங்கள் இறுக்கி இறுக்கி வைத்ததெல்லாம் குடத்தை அச்சின் தோளோடு நெரித்துத் தோல், மசகு எதற்கும் இடமில்லாமல் செய்திருக்கும். அச்சைக் கடையக் கொடுக்கும்போதே இடது மரையும் வெட்டச் சொல்லுங்கள். பூட்டிய பிறகு சக்கரத்தை அச்சின் நீளவாக்கில் உள்ளும் வெளியும் இழுத்தால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அசைவு இருக்க வேண்டும்.

பழைய தச்சன்:
சக்கரம் கழன்றிருக்கும் இந்த நேரத்திலேயே பட்டையையும் ஒரு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. செத்த ஓசை வந்தால் வெயிலில் வட்டை (சக்கரத்தின் மர விளிம்பு) சுருங்கிப் பட்டை தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஆட்டம் கண்ட ஆரக்கால்கள் குடத்தைத் திருகும், குடம் புஷ்ஷை ஒரு பக்கமாக அழுத்தும். தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் பருத்து இறுகும் என்பது உண்மைதான், ஆனால் அது சில நாளைக்கே. பட்டையை வெட்டிக் குறைத்து ஒட்டி, நெருப்பில் காய்ச்சி மாட்டுவதே வேலை. உங்கள் சக்கரத்தின் சுற்றளவுக்கு, 400 டிகிரி சூடேறினால் பட்டை ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் நீளும். கொல்லர் அதற்குள்தான் கணக்குப் பார்ப்பார். மிகவும் குறைத்துவிட்டால் ஆரக்கால் வளைந்துவிடும் என்பதை அவரிடம் நினைவுபடுத்துங்கள்.

சண்முகநதிக்கரை:
தட்டிப் பார்த்தேன் ஐயா. வலது சக்கரம் ஒலிக்கிறது. இடது சக்கரத்தில் நான்கு இடங்களில் ஓசை செத்திருக்கிறது. நாளை அச்சை லேத்துக்கும், சக்கரத்தைக் கொல்லுப்பட்டறைக்கும் கொண்டுபோகிறேன். தோல் வாஷருக்கு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

பழைய தச்சன்:
மூன்று போதும். எருமைத்தோலாக வாங்குங்கள். வழவழப்பான முகம் குடத்தின் பக்கம் இருக்கட்டும்.