பூமண எண்ணெயும் நம்மூர் வெயிலும்: சவர்க்காரம், மெழுகுதிரி செய்பவர்களின் அனுபவங்கள்

யாழ்ப்பாணம், கொக்குவிலிலிருந்து:

மல்லிகை எண்ணெய் ஊற்றியவுடன் சவர்க்காரக் கலவை ஏன் இறுகுகிறது என்று தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். இது உங்கள் கையின் குறை இல்லை. புதினா, யூக்கலிப்டஸ் போட்டால் கலவை சொன்னபடி கேட்கும். பூமண எண்ணெய்கள் பலவும் அப்படி இல்லை. மல்லிகை, லில்லி, கார்னேஷன் வகைகளை ஊற்றிய கையோடு கலவை அரிசிக் குறுணி போலத் திரிந்து வரும். அடுத்த நிமிடம் ஸ்டிக் ப்ளெண்டரைச் சுற்றி அப்படியே பிடித்துக்கொள்ளும். பிறகு மோல்டுக்குள் ஊற்ற முடியாது, கரண்டியால் அள்ளி அமுக்க வேண்டியதுதான். கராம்பு மணத்துக்குக் காரணமான யூஜினோல் இதில் பெயர் போனது. பல பூமணக் கலவைகளில் அதையும் சேர்க்கிறார்கள்.

நம்மூரில் வெயில் வேறு. தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸில் உருகும். மத்தியானத்தில் அடுப்பே தேவையில்லை, போத்தலில் தண்ணீராக நிற்கும். எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றுவது காஸ்டிக் சோடா என்ற காரம். அதைத் தண்ணீரில் போட்டதும் தண்ணீர் 80 பாகையைத் தாண்டும். (சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாறி ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கிட்டப் போகாதீர்கள்.) அந்தச் சூட்டோடு பூமண எண்ணெயும் சேர்ந்தால் யாராலும் சமாளிக்க முடியாது. நான் விடியக்காலையில்தான் செய்கிறேன். சோடாத் தண்ணீரை முதல் நாள் இரவே கரைத்து, மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் ஆற வைப்பேன். மண எண்ணெயைச் சோடா சேர்க்கும் முன்பே தேங்காயெண்ணெயோடு கலந்துவிடுவேன். அப்புறம் ப்ளெண்டரைத் தொடுவதில்லை, கையால் அடிக்கிறதுதான். முழுத் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் என்றால் அன்றே சில மணி நேரத்தில் வெட்டிவிடுங்கள். அடுத்த நாள் கத்தி வைத்தால் உடைந்து கொட்டும்.

இனி மணம். போத்தலில் முகர்ந்து பார்த்து வாங்கியது சவர்க்காரத்தில் அப்படியே நிற்கும் என்று நினைக்க வேண்டாம். மல்லிகை மணத்தில் முக்கியமான பென்சைல் அசிட்டேட், எஸ்டர் என்ற வகைச் சேர்மம். சோடாவின் காரத்தில் அது மெல்ல உடையும். இண்டோல் என்ற பொருள் உண்மையான மல்லிகைப் பூவிலேயே உண்டு. அது சவர்க்காரத்தைப் பழுப்பாக்கும். வனிலா கலந்த பூமணம் என்றால் இன்னும் கறுக்கும். ரோசா எவ்வளவோ மேல். அதன் மணத்துக்கு ஆதாரமான ஃபீனைல் எதைல் அல்கஹோல் காரத்தைத் தாங்கும். நாலு கிழமை காயவிட்ட பிறகும் கட்டியில் ரோசா நிற்பது அதனால்தான்.

"மல்லிகை எசன்ஷியல் ஒயில்" என்று மலிவாக விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். மல்லிகையை ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்கும் வழக்கம் இல்லை. கரைப்பான் போட்டு எடுக்கும் அப்சலூட்தான் அசல், விலை தலை சுற்றும். மலிவான போத்தலில் இருப்பது செயற்கை மணம். செயற்கை என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பெயரை மாற்றி விற்பதுதான் பிழை.

நல்லூர்த் திருவிழா நாட்களில் மேசை போட்டிருந்தபோது ஒரு அம்மா வந்தார். மல்லிகைச் சவர்க்காரத்தை எடுத்து இரண்டு தரம் முகர்ந்தார். தலையில் வைத்திருந்த பூச்சரத்தைத் தொட்டுக் காட்டி, "பிள்ளை, மல்லிகை இந்தா இருக்கு. இது செத்தவீட்டு ஊதுபத்தி மணமெல்லோ" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சொன்னது சரிதான். வேலியோரம் மல்லிகை பூக்கிற ஊரில் போத்தல் மல்லிகையை அள்ளி ஊற்றினால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு 30 கிராம் மணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பூமணத்துக்கு நான் 20 கிராமுக்கு மேல் போவதில்லை. அதில் வெட்டிவேர் எண்ணெய் கொஞ்சம் சேர்த்தால் அந்த ஊதுபத்தி இனிப்பு அடங்கும். மேசையில் இப்போது முதலில் முடிவது அதுதான்.

பருத்தித்துறையிலிருந்து:

அக்கா சவர்க்காரத்தைச் சொல்லிவிட்டார், நான் மெழுகுதிரி. சோயா மெழுகில் 6 வீதம் மணம் போதும். 80 பாகை அளவில் கலந்து, இரண்டு நிமிடம் விடாமல் கிளறி, 60க்குக் கீழே இறங்கிய பிறகு ஊற்றுவேன். ஃப்ளாஷ் பொயின்ட்டைத் தாண்டினால் மணம் பறந்துவிடும் என்று ஒரு கதை உலாவுகிறது. அது ஆவி தீப்பற்றக்கூடிய சூடு, மணம் போகும் சூடு இல்லை. வைகாசி வெயிலில் மணம் கூடிய திரிகள் மேலே எண்ணெய் முத்து விடும். கொழும்புக்குப் பஸ்ஸில் அனுப்பினால் டிக்கியில் வைக்க விடாதீர்கள்.

காய்ந்த ரோசா இதழை மேலே தூவிப் படம் எடுக்கிறார்களே, அதை விற்காதீர்கள். இதழ் திரியாக மாறி எரியும். சிரட்டையில் ஊற்றுவதும் எனக்குப் பிடிப்பதில்லை, சிரட்டையே நல்ல விறகு. இன்னொன்று, கரண்ட் போனால் வெளிச்சத்துக்கு வெறும் மெழுகுதிரி கொளுத்துங்கள். யன்னல் பூட்டிய அறையில் ரோசாத் திரியோடு இரண்டு மணி நேரம் இருந்தால் தலையிடி நிச்சயம்.

சுன்னாகத்திலிருந்து:

பாத் பொம், அதாவது குளிக்கும் தொட்டித் தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் மண உருண்டை, செய்து விற்கப் போனேன். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "கிணத்துக்குள்ளயோ போடுறது?" தொட்டி இல்லாத ஊரில் வேறு என்ன கேட்பார்கள்! இப்போது சின்னதாக உருட்டி, பேசினில் கால் ஊற வைக்க என்று விற்கிறேன். வயதானவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அப்பச்சோடா இரண்டு பங்கு, சிட்ரிக் அசிட் ஒரு பங்கு. கார்த்திகை, மார்கழி மழையில் செய்யாதீர்கள், காற்று ஈரத்துக்கே பொங்கி வெடிக்கும். மண எண்ணெயைத் தனியாகத் தண்ணீரில் விடுவதும் கூடாது. அது கரையாமல் மேலே மிதந்து தோலில் ஒட்டி எரியும். எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் பொலிசோர்பேட் 20 சேர்த்துத்தான் போட வேண்டும்.

கொக்குவிலிலிருந்து, மறுபடியும்:

பிரான்சில் இருக்கும் சொந்தக்காரருக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள் கவனியுங்கள். லில்லி மணத்துக்கு முன்பு அதிகம் போட்ட லிலியல் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டது. பழைய இருப்பு லில்லி எண்ணெய் மலிவாகக் கிடைத்தால் அதன் பொருட்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

நுரை வரவில்லை என்று கேட்டவருக்கு: நம்முடையது சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினம். சவர்க்காரம் அதோடு சேர்ந்து வெள்ளைப் படையாக வாளியில் ஒட்டும், மணமும் மந்தமாகத் தெரியும். (எங்கள் அம்மம்மாவைக் கேட்டால், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சவர்க்காரம் கிடைக்காமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்ததைச் சொல்லி, "உங்களுக்கு நுரை வேற வேணுமோ" என்பார்.) சவர்க்காரம் செய்யும்போது, ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 கிராம் சிட்ரிக் அசிட்டைச் சோடா போடும் தண்ணீரில் முதலில் கரையுங்கள். அது சோடாவில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்பதால் வழக்கமான கணக்கோடு 6.2 கிராம் காஸ்டிக் சோடா கூட்ட வேண்டும். படை நன்றாகக் குறையும்.

தாழம்பூ எண்ணெயைச் சவர்க்காரத்தில் போட்டுப் பார்த்தவர் யாராவது இருந்தால், காய்ந்த பிறகு மணம் நின்றதா என்று எழுதுங்கள். போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன், விலையை நினைத்துத் திறக்க மனம் வரவில்லை.