அம்மாவுக்குக் கரண்ட் வைத்தால் பின்னால் கேன்சர் வருமா?

பெரம்பூர் மகள்:
அம்மாவுக்கு 58 வயது. மூளையுறையில் புற்றில்லாத கட்டி, மெனிஞ்சியோமா. ஆபரேஷனில் எடுக்க முடியாத மிச்சத்துக்கு ரேடியோசர்ஜரி (கத்தியில்லாமல் கதிர்வீச்சைக் கட்டியில் குவிப்பது) செய்யலாம் என்கிறார் டாக்டர். கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கம் கரண்ட் என்பார்கள். “கரண்ட் வைத்தால் கேன்சர் வரும்” என்று எதிர்வீட்டு மாமி சொன்னதிலிருந்து, அம்மா ஸ்கேன் கவரை பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிறாள்.

வேளச்சேரி ராம்கி:
மாமி சொன்னது முழுப் பொய்யில்லை. அளவுதான் விஷயம். 2019இல் சுமார் 5,000 ரேடியோசர்ஜரி நோயாளிகளின் ஆய்வு வந்தது: ஆண்டுக்கு லட்சத்தில் 7 பேருக்குத் தலைக்குள் புற்று. பொதுமக்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவே.

பழைய பேஷண்ட்:
எனக்குப் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி) கட்டி. ரேடியோசர்ஜரி இல்லை; 25 நாள் பிரித்து வைத்த கரண்ட், தலை அசையாமலிருக்க வலைமாதிரி முகமூடி. அந்த முறையில் 20 ஆண்டில் சுமார் 2 சதவீதம் பேருக்கு வேறு மூளைக்கட்டி வருகிறது. அதனால் எம்ஆர்ஐயை விடுவதில்லை.

பெரம்பூர் மகள்:
படித்துக் காட்டினேன். சாவி இன்னும் இடுப்பில்தான். ஆனால் “முகமூடி மூச்சு முட்டுமா?” என்று கேட்டாள்.