30 மீட்டர் பிளாஸ்டிக் ஃபைபர்: 60ஆவது சப்கேரியருக்கு மேல் பிழை

கேள்வி:
வணக்கம். எம்.இ. ப்ராஜெக்ட்டுக்காக 1 மி.மீ. பிளாஸ்டிக் ஃபைபரில் 30 மீட்டருக்கு லிங்க் கட்டியிருக்கிறேன். 650 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி., டி.எம்.டி. மாடுலேஷன் (டேட்டாவைப் பல சிறு அலைவரிசைகளாக, அதாவது சப்கேரியர்களாகப் பிரித்து ஒன்றாக அனுப்பும் முறை), 256 புள்ளி எஃப்.எஃப்.டி. (அந்த அலைவரிசைகளைப் பிரிக்கும் கணக்கு), நொடிக்கு 25 கோடி சாம்பிள். 100 சப்கேரியரிலும் 16 குவாம் (ஒவ்வொரு தடவையும் 16 புள்ளிகளில் ஒன்றை அனுப்புவது, 4 பிட்). 60ஆவது வரை சுத்தமாக வருகிறது. அதற்கு மேல் புள்ளிகள் கலங்கி மேகம் மாதிரி ஆகிவிடுகின்றன. பயாஸ் (எல்.இ.டி.யில் எப்போதும் ஓடும் நிலையான கரண்ட்) 20 மில்லி ஆம்பியர். கிளிப் ஆகுமோ (உச்சம் வெட்டுப்படுமோ) என்று பயந்து சிக்னலை 2 மில்லி ஆம்பியர் ஆர்.எம்.எஸ்.ஸிலேயே (ஒருவகைச் சராசரி வீச்சு) வைத்திருக்கிறேன். சைக்ளிக் பிரீஃபிக்ஸ் (ஒரு சிம்பல் அடுத்ததில் கலக்காதிருக்க, அதன் வாலையே முன்னால் ஒட்டுவது) 32 சாம்பிள். கிரேடட் இண்டெக்ஸ் ஃபைபருக்கு (ஒளி சிதறி நீள்வது குறைவான வகை) மாறலாமா? விலைதான் கையைக் கடிக்கிறது.

பதில்:
மாற வேண்டாம் தம்பி. எல்.இ.டி. விடும் வெளிச்சத்தில் பெரும்பகுதி வெறும் பயாஸ். அது ஒரு பிட்டைக்கூடச் சுமப்பதில்லை. டி.எம்.டி.யில் உச்சம் எகிறும், உண்மைதான், ஆனால் எப்போதாவதுதான். ஆர்.எம்.எஸ்.ஸை 5 மில்லி ஆம்பியருக்கு ஏற்றி, அதன் 3.2 மடங்கில் நீங்களே வெட்டிவிடுங்கள். கரண்ட் 4 முதல் 36 மில்லி ஆம்பியருக்குள் ஆடும் (உங்கள் எல்.இ.டி. தாங்குமா என்று டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்). வெட்டுவதால் கொஞ்சம் இரைச்சல் கூடினாலும், சிக்னல் 8 டெசிபல் ஏறும்.

அப்புறம், எல்லா சப்கேரியருக்கும் ஒரே 16 குவாம் எதற்கு? ஆயிரத்துக்கு ஒரு பிட் பிழை என்று வைத்தால் 64 குவாமுக்கு (6 பிட்) சுமார் 22.5 டெசிபல் எஸ்.என்.ஆர். (சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம்) வேண்டும், 16 குவாமுக்கு 16.5, கியூ.பி.எஸ்.கே.வுக்கு (4 புள்ளி, 2 பிட்) 10 போதும். ஒவ்வொன்றையும் அளந்து, தாங்குகிற அளவு பிட் ஏற்றுங்கள். பிரீஃபிக்ஸும் அதிகம். என்.ஏ. (ஒளியை ஏற்கும் கோணத்தின் அளவு) 0.5 உள்ள ஃபைபரில் மோடுகளுக்கிடையே (ஒளி போகும் வெவ்வேறு பாதைகள்) நேர வித்தியாசம், கணக்குப்படி, 30 மீட்டருக்கு 8 நானோசெகண்ட் சொச்சம். உங்கள் வேகத்தில் அது இரண்டு சாம்பிள்தான். எல்.இ.டி.யின் வால் நீளத்தையும் சேர்த்து 8 சாம்பிள் வைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் ஃபைபர் முனையை லென்ஸில் பாருங்கள். ஒளியில் 1 டெசிபல் போனால், டிடெக்டருக்குப் பின் எஸ்.என்.ஆரில் 2 டெசிபல் போகிறது. நான் பத்து வருடமாக இந்த முனைகளைத் தேய்க்கிறேன். பாதி புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொரு பதில்:
பி.ஏ.எம். (ஒளியின் அளவைப் பல படிகளாக மாற்றி அனுப்பும் முறை) பக்கமும் பாருங்கள். 2017இல் வந்த ஐ.இ.இ.இ. 802.3பிவி என்ற ஈதர்நெட் தரநிலை இதே 1 மி.மீ. ஃபைபரில், இதே சிவப்பு ஒளியில், நொடிக்கு 1 கிகாபிட் அனுப்புகிறது. 16 நிலை பி.ஏ.எம்., அனுப்பும் பக்கத்திலேயே டாம்லின்சன்-ஹரஷிமா பிரீகோடிங் (வழியில் வரும் சிதைவை முன்கூட்டியே சரிக்கட்டுவது). டி.எம்.டி. அளவுக்கு உச்சம் எகிறாது.

முதலில் பதில் சொன்னவர்:
நல்ல வழிதான். ஆனால் தம்பியிடம் ஓடுகிற டி.எம்.டி. கோடு இருக்கிறது, முதலில் அதை முடிக்கட்டும்.

கேட்டவர்:
சார், முனையைப் பார்த்தேன். பிளேடால் அறுத்த இடம் பிறை வடிவில் சிதைந்து, பால் போல வெளுத்திருந்தது. 600 கிரிட் தாளில் தேய்த்து, அப்புறம் 3 மைக்ரான் ஃபிலிமில் எட்டு வடிவில் தேய்த்தேன். பவர் மீட்டரில் 1.2 டெசிபல் ஏறியது. ஆர்.எம்.எஸ். 5, பிரீஃபிக்ஸ் 8 வைத்துவிட்டேன். இப்போது முதல் 40 சப்கேரியரில் 64 குவாம், அடுத்த 30இல் 16 குவாம், அடுத்த 20இல் கியூ.பி.எஸ்.கே. மொத்தம் ஒரு சிம்பலுக்கு அதே 400 பிட். கடைசி 10ஐ அணைத்துவிட்டேன்.