மின்வெட்டுக்கு நடுவே ஃப்ரீபிஎஸ்டியை மூலநிரலிலிருந்து தொகுப்பது எப்படி?

ரங்கூன்_வாசி:
அனைவருக்கும் வணக்கம். 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மூலநிரலை இறக்கி, இரண்டு வாரமாக அதன் அடிப்படைக் கருவிகளைத் தொகுக்கும் 'மேக் பில்ட்வேர்ல்டு' கட்டளையை ஓட்டி வருகிறேன். ரங்கூனில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் தொடர்ந்து நான்கு மணி நேரம் வந்தாலே பெரிது. பேட்டரி அரை மணிக்கு மேல் தாங்குவதில்லை. கம்பைலர் அடங்கிய எல்எல்விஎம் பகுதி முடிவதற்குள் கணினி அணைந்துவிடுகிறது. பாதியில் நின்ற கோப்புகள் ஆபத்தானவை என்று ஒருவர் சொன்னதால், ஒவ்வொரு முறையும் தொகுத்த கோப்புகள் சேரும் '/யூஎஸ்ஆர்/ஆப்ஜ்' அடைவை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன். தொகுப்பு விருப்பங்களுக்கான 'எஸ்ஆர்சி.கான்ஃப்' கோப்பில், விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் மெட்டா மோட் வரியைச் சேர்த்தும் பயனில்லை. அம்மாவின் தையற்கடைக் கணக்கும் இதே கணினியில் இருப்பதால், இயங்கும் அமைப்பு கெட்டுவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

மோல்மேன்_அண்ணன்:
தம்பி, முதலில் அந்த அச்சத்தை விடுங்கள். பில்ட்வேர்ல்டும், இயங்குதளத்தின் மையமான கர்னலைத் தொகுக்கும் பில்ட்கர்னலும் 'ஆப்ஜ்' அடைவுக்குள் மட்டுமே எழுதுகின்றன. அவை ஓடும்போது எத்தனை முறை மின்சாரம் போனாலும் இயங்கும் அமைப்பின் நிரல்கள் மாறுவதில்லை. ஆகவே அந்த அடைவை அழிக்காதீர்கள். இரண்டு வார உழைப்பை நீங்களே துடைத்திருக்கிறீர்கள் என்பதைப் படிக்கவே வருத்தமாக இருக்கிறது.

மெட்டா மோட் வரியை 'எஸ்ஆர்சி.கான்ஃப்' கோப்பில் அல்ல, 'எஸ்ஆர்சி-என்வ்.கான்ஃப்' கோப்பில் எழுத வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அத்துடன் 'ஃபைல்மான்' என்ற கர்னல் மாட்யூலையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டளையால், எந்தெந்தக் கோப்புகளைப் படித்து உருவானது என்பதை அது குறித்து வைக்க உதவுவதால், அடுத்த முறை மாறியவையும் முடியாதவையும் மட்டுமே மீண்டும் தொகுக்கப்படும். திடீரென அணைந்த பிறகு, அளவு சுழியமாக உள்ள '.ஓ' கோப்புகளை 'ஃபைண்ட்' கட்டளையால் தேடி அழித்துவிட்டுத் தொடருங்கள். அவர் சொன்ன ஆபத்து பெரும்பாலும் அந்தச் சில கோப்புகளில்தான் இருக்கிறது. அடைவு முழுவதிலும் இல்லை.

பெகு_நிரலர்:
அண்ணன் சொன்னதோடு, வேலையின் அளவையும் குறைக்கலாம். 'எஸ்ஆர்சி.கான்ஃப்' கோப்பில் 'வித்தவுட்_எல்எல்விஎம்_டார்கெட்_ஆல்' என்று எழுதினால், உங்கள் செயலிக்குத் தேவையற்ற கட்டமைப்புகளுக்கான எல்எல்விஎம் பகுதிகள் தொகுக்கப்படமாட்டா. 'வித்தவுட்_டெஸ்ட்ஸ்', 'வித்தவுட்_டீபக்_ஃபைல்ஸ்' ஆகியவையும் நேரத்தையும் வட்டு இடத்தையும் மிச்சப்படுத்தும். 4 ஜிபி நினைவகத்தில் ஒரே நேரத்தில் நான்கு வேலைகளை ஓட்டும் 'ஜே4' வேண்டாம், இரண்டை ஓட்டும் 'ஜே2' போதும். எல்எல்விஎம் கோப்புகளைத் தொகுக்கும்போது நினைவகம் தீர்ந்து கம்பைலர் கொல்லப்படுவதைவிட மெதுவாக முடிவது மேல்.

கர்னலுக்கு 'ஜெனரிக்' என்ற இயல்பான அமைப்புக் கோப்பை முழுதாக நகலெடுத்துத் திருத்தாதீர்கள். உங்கள் பெயரில் ஒரு சிறு கோப்பைத் தொடங்கி, 'இன்க்ளூட் ஜெனரிக்' என்று எழுதி, வேண்டாதவற்றை 'நோடிவைஸ்' வரிகளால் நீக்குங்கள். அடுத்த பதிப்பில் ஜெனரிக் மாறினாலும் உங்கள் கோப்பு பெரும்பாலும் அப்படியே செல்லும்.

ரங்கூன்_வாசி:
மிக்க நன்றி. நான்கு மின்வெட்டுகளைக் கடந்து இன்று அதிகாலை பில்ட்வேர்ல்டு, பில்ட்கர்னல் இரண்டும் முடிந்துவிட்டன. நிறுவும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும்?

மோல்மேன்_அண்ணன்:
அங்கேதான் கவனம் வேண்டும், தம்பி. கணக்குக் கோப்புகளை வெளி வட்டில் பிரதி எடுத்துவிட்டு, இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருந்தால் 'பெக்டில் கிரியேட்' கொடுத்து இப்போதைய அமைப்பை ஒரு பூட் சூழலாக, அதாவது தேவைப்பட்டால் மீண்டும் தொடங்கக்கூடிய நிலையாக, காப்பாற்றுங்கள். பின்னர் புதிய கர்னலை நிறுவும் இன்ஸ்டால்கர்னல்; பழைய கர்னல் 'கர்னல்.ஓல்ட்' என்று தங்கும், புதியது எழாவிட்டால் தொடக்கப் பட்டியிலிருந்து அதைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய கர்னலில் எழுந்த பிறகு அமைப்புக் கோப்புகளைப் புதுப்பிக்கும் 'இடிசிஅப்டேட்' கட்டளையை 'பி' விருப்பத்துடன் ஓட்டி, அதன் பின்னரே மற்றக் கருவிகளை நிறுவும் இன்ஸ்டால்வேர்ல்டு. பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடக்கூடிய முக்கியக் கட்டம் அது என்பதால், மின்சாரம் வந்த உடனே, பேட்டரி நிறைந்திருக்கும்போது அதைத் தொடங்குங்கள்.

ரங்கூன்_வாசி:
மாலை ஆறு மணிக்கு மின்சாரம் வந்ததும் தொடங்கினேன், அண்ணா. புதிய கர்னல் எழுந்துவிட்டது, இன்ஸ்டால்வேர்ல்டும் பிழையின்றி முடிந்தது; கணக்குக் கோப்புகள் திறக்கின்றன.