ட்ரேஸ்ரூட்டில் ஒரே இரண்டு முகவரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன: கோளாறு யார் பக்கம்?

வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். சென்னையில் உள்ள எங்கள் சர்வர் நேற்று முதல் எட்டவில்லை. கைப்பேசி இணையத்தில் மட்டும் உடனே திறக்கிறது. மற்ற தளங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

சர்வர் வரை தரவு எந்தெந்த ரவுட்டர்கள் வழியே போகிறது என்று வரிவரியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட்டை, விண்டோஸில் ட்ரேசர்ட் என்ற கட்டளையாக ஓட்டினேன். முதல் வரி 192.168.1.1, எங்கள் ரவுட்டர். நான்காவதில் மூன்று நட்சத்திரக் குறிகள், அதாவது பதில் இல்லை. அதற்கடுத்த வரிகள் பதில் தருவதால் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏழாவதிலிருந்துதான் வில்லங்கம்: ஒரே இரண்டு முகவரிகள் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வந்து, 30-வது வரியோடு நின்றுவிடுகிறது.

இது இணைய நிறுவனத்தின் ரவுட்டிங் சுழல்தானே, அதாவது இரண்டு ரவுட்டர்கள் தரவை ஒன்றுக்கொன்று மாறி மாறித் தள்ளிவிடுவதுதானே? அவர்களோ "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்ற பல்லவியை விடுவதாக இல்லை. இந்த முடிவோடு வேறு எதை இணைத்தால் புகார் பொறியாளர் கைக்குப் போகும்? சர்வரிலிருந்து எதிர்த்திசையிலும் ஒரு ட்ரேஸ் எடுக்க வேண்டுமா?