புதுச்சேரி புல்வாருக்குள் (பழைய நகரைச் சுற்றி ஓடும் சாலைக்குள்) பழைய வீட்டில் குடியேற: கூரை, சுவர், கழிவுநீர், பத்திரம்

தாழ்வாரம்:
பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. மேற்கே உள்ள தமிழர் பகுதிக்குத்தான் இந்த இழை. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று வைசியாள் வீதியில் (பலகையில் கால்வே சுப்பராயச் செட்டி வீதி) முகப்புகளைச் சீர்செய்தார்கள். அது மற்ற வீதிகளுக்கும் பரவியது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் புதுப்பித்தவற்றில் விடுதியும் உணவகமும் ஆனவையே கண்ணில் படுகின்றன. குடும்பமாகத் திரும்பி வர நினைப்பவர்கள் வேலை தொடங்கிய சில மாதங்களில் கையைச் சுட்டுக்கொண்டு லாஸ்பேட்டைப் பக்கம் அடுக்ககம் பார்க்கப் போய்விடுகிறார்கள். முகப்புக்குச் செலவழித்துவிட்டுக் கூரையையும் குழாயையும் கடைசிக்கு வைப்பதுதான் காரணம் என்பது என் கணிப்பு. வேலையில் பார்த்ததை அளவோடு எழுதுங்கள். வீட்டின் பெருமை வேண்டாம்.

கடுக்காய்:
கூரையிலிருந்து தொடங்குவோம். இந்த வீடுகளில் மாடி, மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்கள் ஒன்றரை அடி முதல் இரண்டு அடி இடைவெளியில். அதன்மேல் 6 அங்குலம் நீளம், 3 அங்குலம் அகலம், 1 அங்குலம் கனமுள்ள சிறு செங்கலைக் குத்துக்கல்லாக (படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி) கோணவாட்டத்தில் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கான்கிரீட், மேலே தட்டோடு.

ஒழுகத் தொடங்கியதும் எல்லோரும் செய்வது, பழையதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு அடுக்குப் போடுவது. 4 அங்குலச் சுண்ணாம்புக் கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 180 கிலோ. வீட்டுத் தளத்தில் ஆளும் சாமானும் சேர்த்துக் கணக்கிடும் சுமையே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோதான். ஆக, ஒரு அடுக்குக் கூடினால் சட்டத்தின் மிச்ச பலம் பெரும்பாலும் போயிற்று. இரண்டு தலைமுறையாக அடுக்கு ஏறிய வீடுகளில் கீழிருந்து பார்த்தாலே சட்டங்கள் நடுவில் தொங்குவது தெரியும். கூடத்தின் குறுக்கே நூல் கட்டிப் பாருங்கள்.

அடுத்து சட்டத்தின் நுனி. நடுப்பகுதி இரும்பு போலிருக்கும். சுவருக்குள் போகும் ஒரு சாண்தான் உளுத்திருக்கும். சுத்தியலால் தட்டினால் சத்தம் மாறும், ஸ்குரூ டிரைவரைக் குத்தினால் உள்ளே போகும். முற்றத்துத் தகரவாரிக்கு (கூரை நீரை ஏந்தும் தகரக் காடிக்கு) கீழே இருப்பவை, மாடிக் குளியலறைக்குக் கீழே இருப்பவை, மழை அடிக்கும் வெளிச்சுவரில் உட்காருபவை: இந்த மூன்று இடத்தையும் முதலில் குத்திப் பாருங்கள். உளுத்தது நுனி மட்டும் என்றால் முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஜாக்கி முட்டுக் கொடுத்து, கெட்டதை அறுத்துவிட்டு, இருபக்கமும் இரும்புத் தகடோ சேனலோ வைத்து நல்ல மரம்வரை நீட்டி போல்ட் போடலாம். திரும்பச் சுவரில் வைக்கும்போது நுனியைச் சுற்றி அரை அங்குலம் காற்றிடம் விடவேண்டும். சிமென்ட்டால் அடைத்துப் பூசிவிட்டால் அதே இடம் மறுபடி உளுக்கும்.

மேலடுக்கை எடுக்க மெஷின் வைத்து உடைக்கக் கூடாது, அதிர்ச்சியில் குத்துக்கல் உதிர்ந்துவிடும். உளியும் சுத்தியலும்தான். ஜல்லிச் சுண்ணாம்பு விகிதம் பொதுப்பணிக் கணக்கில் 32-க்கு 12½. அதாவது 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. 3 அங்குலம் போதும். வாட்டம் 5 அடிக்கு ஒரு அங்குலம். கட்டையால் தட்டும்போது தெளிக்க 600 கிராம் கடுக்காயை உடைத்து, 200 கிராம் வெல்லத்தோடு 40 லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து வடிக்க வேண்டும். இது சுமார் 10 சதுர மீட்டருக்கு ஆகும். கட்டை பட்டுத் துள்ளும்வரை தட்டவேண்டும், அதற்கு நாட்கணக்கில் ஆகும். ஒரே நாளில் தட்டி முடிக்கிறேன் என்று சொல்லும் ஆளை அனுப்பிவிடுங்கள். பிறகு ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் காக்கவேண்டும். பொங்கலுக்குப் பிறகு தொடங்கினால் கோடைக்குள் முடியும். ஆவணியில் தொடங்கினால் ஐப்பசி மழை திறந்த கூரையில் இறங்கும்.

பின்கட்டு:
கடுக்காய் அண்ணன் சொன்னதோடு ஒன்று. குத்துக்கல் தளத்தின்மேல் மாடியில் குளியலறை வைக்காதீர்கள். கட்டாயம் என்றால் சுவரிலிருந்து சுவருக்கு இரும்பு உத்திரம் போட்டு, அதன்மேல் தனித் தளம் அமைத்து, பழைய மரத்தில் ஒரு சொட்டும் படாதபடி செய்யவேண்டும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பின்கட்டில் தரைமட்டத்தில் ஒரு கழிவறை வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் பின்கட்டுக் கழிவறை என்றால் குழாய் வீட்டுக்கு அடியிலேயே வீதிவரை வரவேண்டும். இருபுறமும் பொதுச்சுவர், வேறு வழி கிடையாது. 110 மி.மீ. குழாய்க்கு 60-க்கு 1 வாட்டம் கொடுத்தால் 100 அடி நீள வீட்டுக்கு 20 அங்குலம் இறக்கம். பின்னால் தரைக்குக் கீழே ஒரு அடியில் தொடங்கினால், வாசலில் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்தில் வந்து நிற்கும். வீதியில் உள்ள கழிவுநீர்த் தொட்டியில் சேரும் இடம் அதைவிடக் கீழே இருக்கிறதா? தண்ணீர் டியூப் மட்டம் பிடித்து இதைப் பார்த்துவிட்டுத்தான் தரையைத் தோண்டவேண்டும். தோண்டிக் குழாய் பதித்துத் தரையும் போட்ட பிறகு, சேர்க்கப் போனால் வீதித் தொட்டி உயரத்தில் இருக்கும். அப்புறம் பம்ப்தான், அல்லது அழுகை. வளைவு வரும் ஒவ்வொரு இடத்திலும் திறந்து பார்க்க ஒரு தொட்டி. அதை முற்றத்தில் வைக்கலாம், கூடத்தில் வேண்டாம்.

இன்னொரு வில்லங்கம், பழைய சாலையைச் சுரண்டாமல் தார்மேல் தார் போட்டு வீதி உயர்ந்தது. மூன்று படி இருந்த திண்ணைக்கு இப்போது ஒன்றுதான் தெரிகிறது. முற்றத்து மழைநீர் கூடத்துக்கு அடியில் கல் வாய்க்கால் வழியாக வீதிக்குப் போகும்படி கட்டிய வீடுகளில், இப்போது வீதித் தண்ணீர் அதே வழியில் முற்றத்துக்கு வருகிறது. 60 சதுர மீட்டர் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் 6,000 லிட்டர். முற்றத்துத் தண்ணீரைப் பின்பக்கம் திருப்பி உறிஞ்சு கிணற்றுக்கோ தொட்டிக்கோ விடுங்கள். வீதிப் பக்க வாயில் பின்னோட்டம் தடுக்கும் வால்வு போடுங்கள். வால்வில் இலை சிக்கினால் திறந்தபடியே நின்றுவிடும். எனவே முன்னால் ஒரு சல்லடை, அதை அக்டோபருக்குள் கழுவிவிட வேண்டும்.

பங்காளி:
இரண்டு சகோதரர்கள் பங்கு பிரிக்கும் வீட்டை நீளவாக்கில் பிரிப்பதா, முன்கட்டு பின்கட்டாகவா?

பின்கட்டு:
நீளவாக்கில் வேண்டாம் ஐயா. முற்றத்தின் நடுவில் சுவர் வந்தால் இரண்டு பேருக்கும் வெளிச்சமும் காற்றும் போய்விடும். முன்கட்டு, பின்கட்டு என்று பிரித்து, ரேழியைப் பொது நடையாகப் பத்திரத்திலேயே எழுதுங்கள். கழிவுநீர்க் குழாய் செல்லும் பாதையையும் அளவோடு எழுதவேண்டும். பலரும் இதை மறந்துவிட்டு அடைப்பு வந்த அன்று சண்டை போடுகிறார்கள். இருசக்கர வண்டி உள்ளே வர ரேழி வாசலில் மூன்றரை அடி தெளிவாக வேண்டும். காருக்கு இடம் கிடையாது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள்; திண்ணையை இடித்துக் காரை ஏற்றுகிறவர்கள் தாழ்வாரத் தூணையும் சேர்த்து இடிக்கிறார்கள்.

வில்லங்கம்:
பங்கு என்று வந்ததால் பத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பத்திரம் பிரெஞ்சில் இருக்கும், நொத்தேர் (பிரெஞ்சு முறைப் பத்திர அதிகாரி) எழுதியது. சான்றிட்ட மொழிபெயர்ப்பு இல்லாமல் வங்கிக் கடன் நகராது. எல்லை அளவு மீட்டரில் எழுதியிருக்கும், இன்றைய அளவோடு பொருத்திப் பாருங்கள். பொதுச்சுவரின் பாதி எங்கே என்பது அங்கேதான் தெரியும்.

1881 பிரெஞ்சு ஆணையின்படி தங்கள் மத, சாதி வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பங்களில் வாரிசுரிமை பிரெஞ்சு சிவில் சட்டப்படி போகும். அதில் மகள்களுக்கும் சமபங்கு. அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்டாயிற்று என்று கிரயம் முடித்தால், பாரிசிலிருந்தோ ரீயூனியனிலிருந்தோ அத்தை மகன் கடிதம் வரும். ஆகவே வாரிசுப் பட்டியலை முழுதாக எழுதி, இங்கே இல்லாதவர்களிடம் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்குங்கள். வெளிநாட்டில் எழுதும் பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ சான்று பெறவேண்டும். இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். தபால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

சிப்பி:
சுவருக்கு வருகிறேன். ஒன்றரை அடிக் கனத்தில் அச்சுக்கல்லும் (பழைய சிறு செங்கல்) சுண்ணாம்பும் கொண்ட சுவர், தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். கடலோர மண்ணில் அந்த ஈரம் உப்போடு வரும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த கறை இடுப்புக்கு வரும். டைல் ஒட்டினால் தோளுக்கு. பெயின்ட் கடையில் கொடுக்கும் டாம்ப் புரூப் பூச்சும் இதே கதைதான்.

சிமென்ட்டைக் கறைக்கு மேல் ஓரடிவரை செதுக்கி எடுங்கள். இணைப்புகளை முக்கால் அங்குலம் சுரண்டிவிட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். பூத்து வரும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைக்கவேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் இரண்டரைப் பங்கு, இரண்டு பூச்சு. மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரமாவது தண்ணீருக்கு அடியில் இருந்திருக்கவேண்டும். அவசரப்பட்டுப் பூசினால் நீறாத துகள் பின்னால் பொரிந்து, சுவர் முழுக்க அம்மைத் தழும்பு.

கரையானுக்குச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒரு துளை போட்டு மருந்து விடுவார்கள். வீட்டுக்குள் கிணறு இருந்தால் அந்தப் பக்கம் விடவே கூடாது.

தாழ்வாரம்:
பக்கத்து வீட்டை இடிக்கும்போது என்ன செய்வது என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலை மேரி கட்டடம் (பிரெஞ்சுக்கால நகராட்சி மன்றம்) சரிந்தபோது ஊரே பார்த்தது: ஈரம் குடித்த சுண்ணாம்புக் கட்டடம் முன்னறிவிப்பு அதிகம் தராது. 2021-இல் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டித் திறந்தார்கள். அரசால் முடியும், நம் வீட்டுக்கு யார் கட்டித் தருவது?

கடுக்காய்:
பக்கத்தில் இடிக்கும்முன் பொதுச்சுவரின் இருபுறமும் தேதியோடு படம் எடுங்கள். விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டிவையுங்கள். உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். அவர்கள் சட்டங்களும் நம் சட்டங்களும் ஒரே சுவரில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் உருவினால் சுவர் மறுபக்கம் சாயப் பார்க்கும், சாய்வு முட்டு முதலிலேயே வேண்டும். புது அஸ்திவாரத்துக்கு நம் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால், நீளமாக ஒரே பள்ளம் வெட்டவிடாதீர்கள். நான்கடி வெட்டி நிரப்பி, நான்கடி விட்டு அடுத்தது. அது இறுகியபின் நடுவில் விட்டது. மழைக்காலத்தில் பள்ளம் திறந்து கிடந்தால் உடனே நகரமைப்புக் குழுமத்துக்கு எழுத்தில் கொடுத்து நகல் வாங்கிவையுங்கள்.

பங்காளி:
தண்ணீர்த் தொட்டி எங்கே வைப்பது அண்ணே?

கடுக்காய்:
1,000 லிட்டர் என்றால் ஒரு டன், தம்பி. டெரஸ் நடுவில் ஒருபோதும் கூடாது. இரண்டு கனச்சுவர் சேரும் மூலையில், சுவர்மேல் உட்காரும் இரண்டு இரும்பு உத்திரத்தில், தளத்திலிருந்து நான்கு விரல் தூக்கி வையுங்கள். நிரம்பி வழியும் குழாயை டெரஸில் விடாமல் நேரே முற்றத்துக்கு இறக்குங்கள், வழிந்தால் உடனே கண்ணில் படும். 500 லிட்டரில் இரண்டாகப் பிரித்து எதிரெதிர் மூலையில் வைத்தால் இன்னும் நல்லது.